‘தையல் சொல் கேளேல்’ என்பதைப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

வல்லைவெளி (மார்க்கம், கனடா)

எல்லோருக்கும் வணக்கம். மகளுக்கு ஒன்பது வயது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஆத்திசூடி ஒப்புவித்தல் போட்டி வருகிறது. பொருள் தெரியாமல் எதையும் பாடமாக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அதைப் போட்டவளும் நான்தான். தகர வருக்கத்துக்கு வந்தபோது ‘தையல் சொல் கேளேல்’ வந்தது. பெண் சொல்வதைக் கேட்காதே என்று பொருள் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஔவையார் பெண்தானே? அப்படியென்றால் இதையும் கேட்கத் தேவையில்லையா?” என்றாள். ஆங்கிலத்தில்தான் கேட்டாள். நானும் ஆங்கிலத்திலேயே ஏதோ சொல்லிச் சமாளித்தேன்.

அந்த வரியைச் சொல்லாமல் விட்டுவிடட்டும் என்கிறார் கணவர். விட்டால் புள்ளி குறையும். “நாங்களும் இதைப் படித்துத்தான் வந்தோம், என்ன கெட்டுப்போனோம்?” என்கிறார் மாமியார். இந்த ஒரு வரி மட்டும் என்றால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். இன்னும் இரண்டொரு வருடத்தில் சாமத்திய வீட்டுப் பேச்சு, அதாவது பூப்புனித நீராட்டு விழாப் பேச்சு வரும். அதற்குப் பிறகு ‘அவர்கள் எந்த ஆட்கள்’ என்று சாதி விசாரிக்கும் பேச்சு வரும். தமிழைக் கொடுக்க எனக்கு விருப்பம். அதோடு ஒட்டிக்கொண்டு வருகிற எல்லாவற்றையும் கொடுக்க விருப்பமில்லை. பிரித்துக் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள். ‘காலத்துக்கேற்ப மாறத்தான் வேண்டும்’ என்ற வகைப் பதில்கள் வேண்டாம். அவை என்னிடமே போதிய அளவு இருக்கின்றன.

ஏட்டுச்சுவடி (மயிலாடுதுறை)

சகோதரிக்கு வணக்கம். பணிக்காலம் முழுவதும் ஆத்திசூடி நடத்தியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

மனைவி சொல்வதை ஆராயாமல் அப்படியே கேட்டு நடக்காதே என்றுதான் இந்த வரிக்குப் பொதுவாக உரை சொல்வார்கள். எல்லாப் பெண்களின் எல்லாச் சொல்லையும் தள்ளச் சொன்னதல்ல. திருக்குறளில் ‘பெண்வழிச் சேறல்’ என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அந்த மரபில் வந்தது இது. அன்றைக்குத் திண்ணைப் பள்ளியில் உட்கார்ந்திருந்தவர்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். அவர்களுக்கு ஒரு காலம் சொன்ன புத்தி.

இன்னொன்றையும் குழந்தைக்குச் சொல்லுங்கள். ஆத்திசூடி பாடிய ஔவை வேறு, சங்க கால ஔவை வேறு என்பதே ஆய்வாளர்கள் பலரும் ஏற்கும் கருத்து. முன்னவரைச் சோழர் காலத்தில் வைப்பார்கள். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர் பின்னவர். போர் மூளும் நேரத்தில் ஓர் அரசன் ஒரு பெண்ணின் சொல்லை நம்பி அனுப்பினான் என்பதும் நம் புறநானூற்றில்தான் இருக்கிறது.

வரியை நீக்க வேண்டாம் என்பது என் கருத்து. இன்று இது வேண்டாம் என்பார்கள், நாளை ‘தெய்வம் இகழேல்’ வேண்டாம் என்பார்கள், மறுநாள் ‘சனி நீராடு’ குளிருக்கு ஒத்துவராது என்பார்கள். அடுத்த வரி என்ன என்று பாருங்கள்: ‘தொன்மை மறவேல்’.

தாமிரபரணி (நியூ ஜெர்சி)

ஐயா, ‘எல்லாப் பெண்களும் இல்லை, மனைவி மட்டும்தான்’ என்ற உரையை நேற்று இரவு உணவு மேசையில் வாசித்துக் காட்டினேன். என் மனைவிக்கு அது பெரிய ஆறுதலாக இருந்ததாகத் தெரியவில்லை.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். பாரதி ஒரு புதிய ஆத்திசூடி எழுதியிருக்கிறார். அதில் தகர வருக்கத்தில் அதே இடத்தில் ‘தையலை உயர்வு செய்’ என்று வருகிறது. அதற்கு அடுத்த வரி என்ன தெரியுமா? ‘தொன்மைக்கு அஞ்சேல்’. ஔவை ‘மறவேல்’ என்கிறார், பாரதி ‘அஞ்சேல்’ என்கிறார். இரண்டையும் ஒரே தாளில் எதிரெதிராக அச்செடுத்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினோம். பையன் இரண்டையும் ஒப்பிட்டு எது பிடிக்கிறதோ அதன் பக்கத்தில் குறி போட்டான். ‘நன்றி மறவேல்’ பக்கம் ஒரு குறி, ‘அச்சம் தவிர்’ பக்கம் ஒரு குறி. சில வரிகளில் ஔவைதான் வென்றார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பக்கவிளைவு: ‘சோதிடந்தனை இகழ்’ என்ற பாரதியின் வரியை அவன் ஊருக்குப் போனபோது பாட்டியிடம் ஒப்புவித்தான். பாட்டி வார ராசிபலனைக் கத்தரித்து வைப்பவர். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, அவனோடு பேசினார்.

மன்னார்க்காரி (பாரிஸ்)

எனக்கு இந்த இழையின் பதற்றமே விளங்கவில்லை. நாங்கள் கத்தோலிக்கர். ஆத்திசூடியில் ‘அரனை மறவேல்’ இருக்கிறது, ‘திருமாலுக்கு அடிமை செய்’ இருக்கிறது. பள்ளியில் இரண்டையும் உரக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து செபமாலை சொன்னோம். ‘அது பாடம், இது செபம்’ என்றார் அம்மா. அத்தோடு கதை முடிந்தது. எங்களிடம் யாரும் அனுமதி கேட்கவும் இல்லை, வரியை நீக்கவும் இல்லை. நான் திருமாலுக்கு அடிமையாகவும் இல்லை, கணவருக்கு அடிமையாகவும் இல்லை.

பிள்ளைகளுக்கு மனனம் வேறு, நம்பிக்கை வேறு என்று தெரியும். தெரியாதது நமக்குத்தான்.

ஹாரோ மகள் (லண்டன்)

இங்கே பிறந்து வளர்ந்தவர்களில் இதுவரை யாரும் எழுதவில்லை போலிருக்கிறது. என் தமிழில் பிழை இருந்தால் ஏட்டுச்சுவடி ஐயா திருத்துங்கள்.

மன்னார்க்காரி அக்கா சொல்வது வரிகளுக்குச் சரி. ஆனால் வீட்டில் வரிகளாக வராதவைதான் அதிகம். என் தோழிகள் வீட்டுக்கு வரும்போது அப்பா சிரித்த முகத்தோடு கேட்கும் முதல் கேள்வி, “உங்கள் அப்பா, அம்மா ஊரில் எவடம்?” எந்த இடம் என்று பொருள். எவ்வளவு அன்பான கேள்வி என்று நினைத்தேன். நானும் பெருமையாக, புதிதாகச் சந்திக்கும் தமிழ்ப் பிள்ளைகளிடம் அதையே கேட்டுத் திரிந்தேன். பல்கலைக்கழகத்தில் ஒரு பெண் முகம் மாறி, “இதை ஏன் கேட்கிறாய் என்று உனக்குத் தெரியுமா?” என்றாள். கிராமத்தின் பெயர், பிறகு எந்தக் கோயிலடி, எந்த ஒழுங்கை என்று கேட்டால் சாதி தானாக விழுந்துவிடும் என்று அவள்தான் விளக்கினாள். அவளுடைய வீட்டில் அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சிறு வயதிலேயே பழக்கியிருந்தார்கள். பக்கத்து ஊரின் பெயரைச் சொல்ல வேண்டும்.

அன்றிரவு அப்பாவிடம் கேட்டேன். “நாங்கள் அதெல்லாம் பார்ப்பதில்லை” என்றார். பிறகு ஏன் கேட்கிறீர்கள் என்றேன். “அது சும்மா” என்றார். அதற்குமேல் நகரவில்லை. அவருக்குக் கோபமும் இல்லை, பதிலும் இல்லை.

மொழியை நான் விடவில்லை. மூன்று வருடம் ஒன்றும் தொடாமல் இருந்தேன், பிறகு திரும்பி வந்தேன். வந்ததற்குக் காரணம், இந்தச் சண்டையை வெகு காலமாகத் தமிழிலேயே போட்டுக்கொண்டிருந்த ஆட்கள் யாழ்ப்பாணத்தில் இருந்தார்கள் என்று தெரியவந்ததுதான். சாதி சொல்லித் தடுக்கப்பட்டவர்கள் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் போவதற்காக 1968இல் வாசலில் உட்கார்ந்தார்கள். தேநீர்க்கடைகளுக்குள் போவதற்கும் போராட வேண்டியிருந்தது. பொது இடத்தில் சாதி சொல்லித் தடுப்பது குற்றம் என்று 1957இலேயே இலங்கையில் சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் இந்த நிலை. இதைச் சனிக்கிழமை வகுப்பில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த மூன்று வருடம் வீணாகியிருக்காது.

பெருவெளி

[நெறியாளர்: இந்தப் பதிவு நீக்கப்பட்டது. கருத்தோடு மோதுங்கள். எழுதுபவரின் ஊரையும் குடும்பத்தையும் இழுக்க வேண்டாம்.]

புக்கித் தீமா (சிங்கப்பூர்)

உங்கள் எல்லோருடைய கவலையையும் பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்படுகிறேன். கேள்வி கேட்கும் அளவுக்குப் பிள்ளைகளுக்குப் பொருள் புரிகிறதே!

எங்கள் ஊரில் தமிழ் நான்கு ஆட்சிமொழிகளில் ஒன்று. பள்ளியிலேயே தாய்மொழிப் பாடம். ஏப்ரலில் தமிழ்மொழி விழா. அரசாங்கம் செய்யக்கூடியதில் பெரும்பகுதியைச் செய்துவிட்டது. அப்படியிருந்தும், 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டில் அதிகம் பேசும் மொழி தமிழ் என்றவர்கள் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5. புத்தகத் தமிழை மட்டும் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் வகுப்புக்கு வெளியே அதைப் பேச மாட்டார்கள் என்று உணர்ந்து, 2005 பாடத்திட்ட மறுஆய்வு பேச்சுத் தமிழுக்கும் வகுப்பறையில் இடம் கொடுக்கச் சொன்னது. நல்ல முடிவுதான்.

என் மகன் பொங்கலைப் பற்றிக் கட்டுரை கேட்டால் சரளமாக எழுதுவான். பொங்கல் பானையில் பால் பொங்குவது முதல் உறவினர் வருவதுவரை அத்தனையும் இருக்கும். தேர்வுக்குத் தேவையான பழமொழியும் இருக்கும். ஆனால் என்னோடு கோபம் வந்த மறுநொடி ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவான். அவன் கோபத்துக்குத் தமிழில் சொல் இல்லை. வாழ்த்துக்கு இருக்கிறது.

கடல்தாண்டி (முன்பு மொரிசியஸ், இப்போது கோவை)

பிரித்துக் கொடுக்க முடியுமா என்று சகோதரி கேட்டார். பிரிந்துபோன ஓர் ஊரில் வேலை பார்த்தேன்.

போர்ட் லூயிஸில் தைப்பூசக் காவடி அரசு விடுமுறை. அலகு குத்தி, விரதம் இருந்து வெயிலில் நடந்து வரும் இளைஞர்களைப் பார்த்தால் நம் ஊர்ப் பக்தி எம்மாத்திரம் என்று தோன்றும். அவர்களோடு பேசக் கிரியோல் வேண்டும். தமிழ்ப் பெயர், தமிழ்க் கோயில், தேவாரம்கூட உண்டு. ரோமன் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுவார்கள். மொரிசியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கிறது. 1998இல் வந்த புதிய நோட்டில் தமிழ் இந்திக்குக் கீழே தள்ளப்பட்டது என்று பெரிய எதிர்ப்பு எழுந்து, அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றார்கள். எதிர்த்தவர்களில் பலருக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரியாது.

நான் குறை சொல்லவில்லை. கரும்புத் தோட்டத்துக்குக் கொண்டுபோகப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இவ்வளவு வைத்திருப்பதே பெரிது. ஆனால் அங்கே ஒரு பெண்பிள்ளை ‘தையல் சொல் கேளேல்’ என்று பாடினால் அதில் அவளுக்கு உறுத்த எதுவும் இருக்காது, ஓசை மட்டும்தான். எதை நீக்கலாம் என்று இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம். பொருள் போய்விட்டால் நீக்க வேண்டிய தேவையே வராது.

வல்லைவெளி

எல்லோருக்கும் நன்றி. மன்னார்க்காரி, உங்கள் அம்மாவை எனக்குப் பிடித்திருக்கிறது. ஹாரோ மகள், உங்கள் பதிவைக் கணவருக்குக் காட்டினேன். ‘எவடம்’ என்று இனிக் கேட்பதில்லை என்று சொல்லியிருக்கிறார், பார்ப்போம்.

ஏட்டுச்சுவடி ஐயா, தூது போன கதை அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. ஆனால் அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை. வேறொரு நல்ல பெண்ணைக் காட்டி முதல் கேள்வியை மறக்கச் செய்வதுபோல எனக்கு இருக்கிறது.

ஏட்டுச்சுவடி

அந்த வரி சரி என்று நான் எங்கும் சொல்லவில்லையே அம்மா. அது அங்கே இருக்கிறது என்றுதான் சொன்னேன். இருப்பதை இருப்பதாகப் படிக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஈரோட்டுக்காரன் (ஈரோடு)

இருப்பதை மாற்றியும் படிக்கலாம் ஐயா. நீங்கள் தட்டச்சு செய்த ‘இல்லை’ என்ற சொல்லைப் பாருங்கள். அந்த ‘லை’ யார் கொடுத்தது? தமிழைக் காட்டுமிராண்டி மொழி என்று திட்டியவர் பெரியார். அவரே 1935இல் ‘குடி அரசு’ இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கினார். ணை, லை, ளை, னை எல்லாவற்றுக்கும் ஒரே ஐகாரக் குறி. ணா, றா, னாவுக்கு ஒரே கால். 1978இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் அரசாணை வந்தது. சிங்கப்பூரும் பின்னர் ஏற்றது. மொழியின் புனிதத்தைக் கேள்வி கேட்டவருடைய எழுத்தில்தான், மொழியைக் காப்பாற்றப் போகிறோம் என்று கிளம்பிய பள்ளிகள் எல்லாம் அகரம் எழுதுகின்றன.

வெளிநாட்டுப் பெற்றோர்களிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. நீங்கள் கிளம்பிய ஆண்டில் எப்படி இருந்ததோ அந்தத் தமிழகத்தையும் அந்த யாழ்ப்பாணத்தையும் டப்பாவில் அடைத்து வைத்திருக்கிறீர்கள். இங்கே ஊர் எத்தனையோ சண்டை போட்டு நகர்ந்துவிட்டது. பிள்ளைக்கு ‘நம் பண்பாடு’ என்று கொடுக்கும்போது அந்தச் சண்டைகளை மட்டும் கழித்துவிட்டுக் கொடுக்கிறீர்கள்.

ஏட்டுச்சுவடி

தும்பிக்கை வைத்த ‘லை’யில் எழுதப் படித்து, அரசாணை வந்தபிறகு புது எழுத்துக்கு மாறியவன் நான். முணுமுணுத்துக்கொண்டே மாறினேன். இப்போது பழைய எழுத்தில் ஒரு கடிதம் வந்தால் ஒரு நொடி தயங்கித்தான் வாசிக்கிறேன். ஈரோட்டுக்காரர் சொல்வதில் உள்ள பாதியை ஏற்கிறேன். எந்தப் பாதி என்று சொல்ல மாட்டேன்.

தாவடி (பிரம்டன், கனடா)

சாமத்திய வீட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை. எங்கள் வீட்டில் நடந்ததை எழுதுகிறேன்.

மூத்தவளிடம் முதலிலேயே கேட்டோம். மண்டபம், மேடை, வீடியோ, குதிரை வண்டி ஒன்றும் வேண்டாம் என்றாள். ‘என் உடம்பில் நடந்ததை ஐந்நூறு பேருக்கு அழைப்பிதழ் அடித்துச் சொல்லப் போகிறீர்களா?’ என்று கேட்டாள். அதற்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. என் அக்காவுக்கு இருந்தது: “இவ்வளவு காலமும் மற்றவர்களுக்கு வைத்த மொய் எப்போது திரும்பி வரும்?” குறைந்தபட்சம் அது நேர்மையான பதில்.

விழா இல்லை என்று முடிவாகிவிட்டது. ஆனால் அம்மா உழுத்தம்மாவும் பனங்கட்டியும் நல்லெண்ணெயும் எடுத்துக்கொண்டு வந்து இறங்கிவிட்டார். அடுப்படியைக் கையகப்படுத்தி உழுத்தங்களி கிண்டத் தொடங்கினார். எண்ணெய் பிரியும்வரை கை ஓயாமல் கிண்ட வேண்டும். அம்மாவுக்குத் தோள்வலி, விட மாட்டேன் என்கிறார். மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “தம்பிக்கு ஏன் இல்லை?” என்றாள். “அவனுக்கு ஏன், இது பொம்பிளைப் பிள்ளையின் இடுப்புக்கு” என்றார் அம்மா. “அவனுக்கு இடுப்பு இல்லையா?” என்றாள். அம்மா கொஞ்சம் திகைத்துவிட்டு, இன்னொரு கிண்ணத்தை எடுத்து அவனுக்கும் போட்டார். அவன் இரண்டாம் முறை கேட்டு வாங்கினான். அந்த வாரம் முழுவதும் எங்கள் வீட்டில் எல்லோரும் களி தின்றோம்.

அடுப்படியில் நின்றபடியே அம்மா தன்னுடைய சாமத்தியத்தைச் சொன்னார். தனி அறை, தனித் தட்டு, பச்சை முட்டை. பள்ளிக்கூடம் அத்தோடு நின்றது. நான் அதுவரை கேட்காத கதை. அவருக்கு அந்த விழா எவ்வளவு பிடித்தது, அதற்குப் பிறகு வந்தது எவ்வளவு பிடிக்கவில்லை, இரண்டையும் சொன்னார்.

மன்னார்க்காரி

தாவடி, இதற்குப் பெயர் பாதி வழியில் இறங்குவது. விழா வேண்டாம், களி மட்டும் வேண்டும். பிறகு இதையும் பண்பாடு என்று சொல்லிக்கொள்ளலாம்.

தாவடி

ஆம், பாதி வழியில்தான் இறங்கினோம். அங்கேயே நல்ல களி கிடைத்தது.

நந்தியாவட்டை (ஓஸ்லோ)

புக்கித் தீமா சொன்னதைப் பிடித்துக்கொள்கிறேன். மொழிகள் அடுத்த தலைமுறைக்குப் போவதைப் பற்றி எழுதியவர்களில் ஜோஷுவா ஃபிஷ்மன் முக்கியமானவர். 1991இல் வந்த அவருடைய நூலின் மையக் கருத்து: பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வீட்டுக்குள் மொழி போகாவிட்டால், பள்ளியும் வானொலியும் அரசு ஆணையும் அதை ஈடுசெய்ய முடியாது. நாம் எல்லோரும் இதைக் கேட்டுத் தலையாட்டி, வீட்டில் தமிழ் பேசு என்று சுவரில் எழுதி ஒட்டுகிறோம்.

வீட்டில் தமிழில் எதைப் பேசுகிறோம் என்று பார்த்தீர்களா? எங்கள் வீட்டில் பாசம் தமிழ், அதட்டல் தமிழ், கோயில் தமிழ். வானிலை, பள்ளி, பணம், காதல், அரசியல், கடவுள் இருக்கிறாரா என்ற கேள்வி எல்லாம் நோர்வேஜிய மொழி. என் பிள்ளைகள் தமிழைக் குழந்தைப் பேச்சாக நினைக்கிறார்கள். அதில் வளர்ந்தவர்களின் பேச்சை அவர்கள் கேட்டதே இல்லை.

சனிக்கிழமை ஆசிரியர் (ஸ்காபரோ)

இந்த இழையைத் தொடக்கத்திலிருந்து வாசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஒன்ராறியோவில் பள்ளிச் சபைகள் நடத்தும் பன்னாட்டு மொழி வகுப்பு வாரத்துக்கு இரண்டரை மணி நேரம். அதில் இடைவேளையும் வரவுப் பதிவும் போக மிஞ்சுவதை நீங்களே கணக்குப் போடுங்கள். ஓஸ்லோக்காரர் சொன்னதை என் வகுப்பில் கண்ணால் பார்த்தேன்.

ஒரு நாள் பிள்ளைகளிடம், ‘வீட்டில் தமிழில் கேட்கும் சொற்களை எழுதுங்கள்’ என்றேன். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைகள். வந்தவை: வா. சாப்பிடு. குளி. கும்பிடு. போனை வை. தாத்தாவுக்கு வணக்கம் சொல். சத்தம் போடாதே. வெளியே வைத்துச் சொல்லாதே. பால் குடி. படு. கரும்பலகை முழுவதும் ஏவல்தான். ‘ஏன்’ ஒரு தாளில்கூட இல்லை. ‘நினைக்கிறேன்’ இல்லை. ‘ஒருவேளை’ இல்லை. ஒரே ஒரு பெண் ‘ஐயோ பாவம்’ என்று எழுதியிருந்தாள். அவள் பாட்டியோடு வளர்பவள்.

இந்தத் தமிழை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை கீழ்ப்படியலாம், இல்லாவிட்டால் ஆங்கிலத்துக்குப் போகலாம். மூன்றாவதாக ஒன்றும் செய்ய முடியாது. வல்லைவெளியின் மகள் கேட்ட கேள்வி தர்க்கத்தில் முதல்தரமானது. அதை அவள் தமிழில் கேட்டிருக்க முடியாது. ‘அப்படியென்றால்’ என்ற சொல்லை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. நானும் கொடுக்கவில்லை, நான் அவளுக்கு ஆசிரியராக இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அதனால் அடுத்த வாரங்களில் வேறு மாதிரி நடத்தினேன். பாடப்புத்தகத்தை மூடிவைத்து, மறுத்துப் பேசும் சொற்களை மட்டும் எடுத்தேன். ‘ஆனால்’. ‘அதற்கு என்ன ஆதாரம்?’ ‘அப்படிச் சொல்ல முடியாது.’ ‘ஒரு பக்கம் சரி.’ ‘நான் உடன்படவில்லை.’ ஒரு வாரம் கழித்து ஒரு தாய் வாசலில் மறித்தார். பையன் குளிக்கச் சொன்னால் ‘நான் உடன்படவில்லை’ என்கிறானாம். ‘என்ன படிப்பிக்கிறீர்கள் நீங்கள்?’ என்றார். அந்தப் பையன் வகுப்புக்கு வந்த நாளிலிருந்து தானாகச் சொன்ன முதல் முழுத் தமிழ் வாக்கியம் அதுதான் என்று அவருக்குச் சொன்னேன். அவர் சமாதானமாகவில்லை.

ஆத்திசூடிப் போட்டிக்குத் திரும்புகிறேன். எங்கள் வகுப்பில் இந்த முறை ஒப்புவித்தலோடு சேர்த்து ஒன்று வைக்கலாம் என்று இருக்கிறேன்: ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடிக்காத ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, ஔவையாரோடு தமிழில் இரண்டு நிமிடம் வாதாட வேண்டும். வரியை நீக்கினால் வாதாட எதுவும் இருக்காது, அதனால் ஏட்டுச்சுவடி ஐயாவின் கட்சியில் சேர்கிறேன், வேறு காரணத்துக்காக.

தாமிரபரணி

பிரமாதம். ஆனால் புள்ளி எதற்கு? வாதத்துக்கா, உச்சரிப்புக்கா? உச்சரிப்புக்கு என்றால் பிள்ளைகள் மறுபடி பெற்றோர் எழுதிக்கொடுத்ததைத்தான் ஒப்புவிப்பார்கள். எழுதிக்கொடுத்த எதிர்ப்பு இருக்கிறதே, அது எழுதிக்கொடுத்த பணிவைவிட மோசம். இங்கே எங்கள் பள்ளியின் பேச்சுப் போட்டியில் ஏழு வயதுக் குழந்தை ‘சமூகமே, விழித்தெழு!’ என்று கைகளை உயர்த்தியது. பின்வரிசையில் அப்பா உதட்டசைத்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை ஆசிரியர்

நியாயமான பயம். தாள் இல்லாமல் வர வேண்டும் என்று வைக்கிறேன். நடுவில் நான் ஒரு கேள்வி கேட்பேன். இலக்கணப் பிழைக்குப் புள்ளி குறைக்க மாட்டேன். ஆங்கிலச் சொல் நடுவில் விழுந்தால் விழட்டும், வாக்கியத்தின் முதுகெலும்பு தமிழாக இருந்தால் போதும்.

ஏட்டுச்சுவடி

இலக்கணப் பிழைக்குக் குறைக்காவிட்டால் எதற்குத்தான் குறைப்பீர்கள்?

ஹாரோ மகள்

ஆசிரியர் அக்கா, மூத்த பிள்ளைகளின் வகுப்பில் ‘எவடம்’ என்ற கேள்வியையும் எடுங்கள். யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள், என்ன பதில் சொல்லலாம் என்று. பதினாறு வயதில் எனக்கு யாராவது அதைத் தமிழில் சொல்லியிருக்க வேண்டும்.

நந்தியாவட்டை

எனக்குத் தயக்கமாக இருக்கிறது. அந்த வகுப்பில் பக்கத்து ஊரின் பெயரைச் சொல்லிப் பழகிய பிள்ளையும் உட்கார்ந்திருக்குமே. எல்லோர் முன்னிலையிலும் இந்தப் பேச்சை எடுத்தால் அந்தப் பிள்ளையின் முகத்தைத்தான் மற்றவர்கள் தேடுவார்கள். டொரொண்டோவின் பள்ளிச் சபை 2023இல் சாதிப் பாகுபாட்டைப் பற்றித் தீர்மானம் எடுத்தபோதே இங்கே ஓஸ்லோ மண்டபத்தில் இரண்டு மணி நேரம் சண்டை. பிள்ளைகளிடம் போவதற்கு முன் பெற்றோருக்கு ஒரு வகுப்பு வையுங்கள்.

ஹாரோ மகள்

அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் பெற்றோர் தயாராகும்வரை காத்திருந்தால் நானே பாட்டியாகிவிடுவேன்.

சனிக்கிழமை ஆசிரியர்

பதினாறு வயதுக்காரர்களுக்கு, மாவிட்டபுரத்தை வரலாற்றுப் பாடமாக எடுத்துத் தொடங்குகிறேன். யாருடைய ஊரையும் கேட்காமல். அதற்கே புகார்க் கடிதம் வரும் என்று தெரியும். வந்தால் இங்கே போடுகிறேன், பெயரை மறைத்து.

சிறியவர்களின் வாதத்துக்கு ஒரு நடுவர் தேவை. ஏட்டுச்சுவடி ஐயா காணொளியில் வர முடியுமா? ஒரு நிபந்தனை: ஔவையாரின் பக்கம் பேசுவதற்கு ஓர் ஆள் வேண்டும், அதுவும் நீங்களே.

ஏட்டுச்சுவடி

நடுவரும் நானே, எதிர்க்கட்சி வக்கீலும் நானே என்றால் தீர்ப்பு யார் சொல்வது? வக்கீலாக மட்டும் வருகிறேன். பிள்ளைகள் வேகமாகப் பேச வேண்டாம், காது கொஞ்சம் மந்தம். நேரத்தை மட்டும் சொல்லுங்கள்.

சனிக்கிழமை ஆசிரியர்

எங்களுக்குக் காலை பத்து மணி. உங்களுக்கு இரவு ஏழரை என்று நினைக்கிறேன்.

ஏட்டுச்சுவடி

ஏழரையா! சனிக்கிழமை வேறு. நான் சோதிடம் பார்ப்பதில்லை, வருகிறேன். வல்லைவெளியின் மகள் எந்த வரியோடு வருகிறாள் என்று முன்கூட்டியே யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம்.